ஓடுகிறவன்

நேரெழுத்தை வாசிப்பதற்கு முன்பே
தலைகீழ் எழுத்தை வாசிக்கப் பழகியவன் நான்.
எங்களுக்கு எழுத்து கூடாது என்றிருந்த காலம்.
"ஹோசியா வடிவத்தோடு வடிவம் சேர்க்கிறான்,
அவ்வளவுதான்" என்று நினைத்தார் முதலாளி.
ஈயம் என் விரலோடு பேசியது
அவருக்குக் கேட்கவில்லை.

செல்மாவில் அந்த நாளில் அதிகம் தேய்ந்தது
கட்டைவிரல் உயர மரக்கட்டை ஒன்று:
தோளில் கோல், கோலில் மூட்டை,
ஒரு கால் தரையில், ஒரு கால் காற்றில்,
ஓடுகிறவன்.
யார் தப்பினாலும் அவனேதான் ஓடுவான்.
கீழே பெயர் மாறும், தழும்பு மாறும்,
பரிசுத்தொகை மாறும்.
எத்தனையோ முறை அவனை
நானே சட்டத்தில் வைத்து முடுக்கியிருக்கிறேன்.
இரும்புச் சட்டம்தான். மற்றதும் இரும்புதான்.

போரில் பாதி எழுத்தை உருக்கித் தோட்டா வார்த்தார்கள்.
மிச்ச எழுத்தோடு காத்திருந்தபோது
டிசம்பரில் வந்தது பதின்மூன்றாவது திருத்தம்.
சூடான சட்டியைக் கைமாற்றுவதுபோல
தாளை என்னிடம் நீட்டினார் முதலாளி.
இருநூறு வருஷத்துக்கு மேல் நடந்ததற்கு
ஐந்தாறு வரி.
அடிமைத்தனம் என்று கோத்தேன்.
இருத்தலாகாது என்று கோத்தேன்.
இடையில் ஒரு சொல் நின்றது: தவிர.
குற்றத்துக்குத் தண்டனையாகத் தவிர.
இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே,
சாத்தும் கதவின் இடுக்கில் யாரோ வைத்த பூட்ஸ்.
அதையும் கோத்தேன். நின்று பார்க்கவில்லை.
கல்யாண வீட்டில் கூரை ஒழுகுகிறதா என்று
யார் அண்ணாந்து பார்ப்பார்கள்?

இரவு கணப்பில் கட்டையைப் போட்டேன்.
கெட்டி மரம். அவசரமில்லாமல் எரிந்தது.
கடைசியில் போனது காற்றிலிருந்த கால்.

அடுத்த ஆகஸ்டில்
தம்பி ஜூபல் படகுத்துறையில் நின்றான்,
ஒரு பீச் பழத்தைத் தின்றுகொண்டு.
சட்டைப்பையில் வேலைச்சீட்டு இல்லை.
அதற்குப் பெயர் குற்றம்.
ஆறு மாதம், ரயில் கம்பெனிக்குக் குத்தகை.
விற்கவில்லை பாருங்கள். வாடகைக்குத்தான் விட்டார்கள்.
விலங்கு பழையது,
ரசீதுப் புத்தகம் புதுசு.

மூன்றாம் மாதம் தப்பினான்.
ஷெரீஃபின் ஆள் கடை வாசலில் துப்பிவிட்டு
"அந்தப் பழைய படம் இருக்குமே,
ஓடுகிற பயல்?" என்றான்.
முதலாளி ஒவ்வோர் இழுப்பறையாக இழுத்தார்.
தீயில் போயிற்று என்றேன்.
போன வருஷ ஏப்ரலில் பாதி ஊர் எரிந்திருந்ததால்
எந்தத் தீ என்று ஒருவரும் கேட்கவில்லை.

படமில்லாமலே கோக்கச் சொன்னார்கள்.
ஜூபல் ப்ளெட்சோ. வயது இருபத்திரண்டு.
உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்.
இடக்கன்னத்தில் தழும்பு.
எனக்குத் தெரியாத தழும்பா,
நான் எறிந்த கல் அது.

ஒன்பதை எடுத்தேன்.
தலைகீழாக வைத்தால் ஆறு.
மூன்று அங்குலம் குள்ளமானான் என் தம்பி.
தழும்பை வலக்கன்னத்துக்கு நகர்த்தினேன்.
கண்ணாடிக்குள் வாசிக்கிறவன்
இடம் வலம் மாறிப்போவது வழக்கம்தானே.
முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
சரி என்றார்.

பதினான்காவது வந்தபோது
முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடினேன்.
இரண்டாம் பிரிவில் இருந்தது, குற்றம் என்பதையும்
கூட்டிக்கொண்டு வந்திருந்தது.
கெசையா வேறொரு சொல்லை எண்ணினாள்.
"ஆண்" மூன்று இடத்தில் என்றாள்,
என் சட்டையை உதறிக் கொடியில் போட்டபடி.

பதினைந்தில் தவிர இல்லை.
மூன்று முறை பார்த்தேன்.
எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போடும்போது
இன்னொரு முறையும்.

இந்த நவம்பரில் நான்கு மைல் நடந்துபோய்
வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.
வாசலில் துப்பாக்கியோடு நின்றவர்களுக்கு
என் பெயர் தெரியும்.

ஜூபலிடமிருந்து ஒரு வரி இல்லை.
அவனுக்கு எழுதத் தெரியாது,
அதனால் இருக்கலாம்.

தேடட்டும் அவர்கள்.
ஐந்தடி ஆறு அங்குலம்,
வலக்கன்னத்தில் தழும்பு.